கம்ப்யூட்டருக்குள் ஆவணி

ஆடியில் எந்தக் காரியத்தையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. அதனால் நாங்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஆவணியை வைத்தோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலைக்கு இருந்தேன். அதற்கு முன் ரேணிகுண்டாவில் ஓட்டலில் மேசை துடைத்தேன், லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போய்வந்தேன், பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பைப் பெருக்கிக்கொண்டே கதவோரம் நின்று கேட்டதில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு சரி. திருப்பதி பஸ்ஸிலிருந்து திருத்தணியில் இறங்கியது டீ குடிக்கத்தான். கடை வாசலில் 'ஆள் தேவை' என்று அட்டை தொங்கியது. தங்கிவிட்டேன். கடை பெஞ்சிலேயே படுக்கை. குளியல் பஸ் ஸ்டாண்டு பக்கம் குழாயடியில்.

கடையில் மூன்று பழைய மெஷின்கள். ஒரே டெலிபோன் லைனில் மூன்றும் இன்டர்நெட் குடித்தன. முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஆடி பிறந்த வாரம் நாலாவதாக ஒரு புது மெஷின் வாங்கிவந்தார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஊரே கொள்ளாத கூட்டம் வரும். அதற்குள் ஓட வேண்டும் என்பது அவர் கணக்கு.

"அப்போ நாளைக்கே போட்டுடலாம்ணா" என்றேன்.

"ஆடியிலயா? உங்க நைனா உனக்கு இன்னாதான் சொல்லிக் குடுத்தாரு?"

"அவரு சொல்லிக் குடுக்கறதுக்குள்ள நான் ஓடி வந்துட்டேன்."

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "இதுக்குள்ள தேதி நாமதானே வெக்கிறோம்?"

"ஆங்."

"அப்போ ஆவணியில ஒரு நல்ல முகூர்த்தமா பாத்து வெச்சிடு. அது கண்ணு முழிக்கும்போதே ஆவணியா இருக்கணும். வெளிய எந்த மாசமா இருந்தா அதுக்கு இன்னா?"

பஞ்சாங்கத்தை அவரே புரட்டிச் சொன்னார். என் கையால்தான் தேதியை மாற்றினேன். மானிட்டருக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். "நெஜ ஆவணி பொறக்கற வரைக்கும் அதுல கை வெக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். மறுநாளே மறந்தும் போனேன். மெஷினின் மூலையில் மணி மட்டும்தான் தெரியும். மணி சரியாகத்தான் ஓடியது.

புது மெஷினைக் கடையின் உள்மூலையில் வைத்து ஒரு திரை கட்டினோம். அந்தத் திரைக்காகவே அங்கே உட்காரும் ஒரு பெண் இருந்தாள்.

மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கும் குடும்பத்தின் மருமகள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். அவள் கணவனும் அங்கேதான் கரண்டி பிடித்தவன். அப்பாவோடு தகராறு செய்துகொண்டு மெட்ராஸுக்குப் போய், ஓட்டலில் இருந்து, கடைசியில் சரக்குக் கப்பலில் சமையல்காரனாகிவிட்டான். சாமிக்குப் பொங்கிய கை கப்பலில் மீன் வறுக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவன் கடிதம் எதையும் அந்த வீட்டுக்குள் விடவில்லை. தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தார் மாமனார். கடைசி லீவில் வந்தபோது அவளை எங்கள் கடைக்குக் கூட்டிவந்து ஒரு ஈமெயில் முகவரி உண்டாக்கிக் கொடுத்தான். உள்ளே போகும் வழியைச் சொல்லிக்கொடுத்து, பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே என்றான். கடை போன் நம்பரையும் குறித்துக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை உச்சிகாலத்தில் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் மலைமேல் இருப்பார்கள். காய்கறிப் பையோடு அவள் அப்போது வருவாள். இருபது நிமிஷம். பழைய மெஷின்கள் மூன்றும் ரோட்டைப் பார்த்து இருந்தன. அந்த ரோட்டில் போகிறவர்களில் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தம். முன்பெல்லாம் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு படிப்பாள். திரை வந்த பிறகுதான் முகத்தை மூடாமல் படிக்க முடியும் என்றாள். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அவன் அங்கிருந்து நாலு வரி எழுதிவிடுவான். அதைப் படித்துவிட்டு எழுந்து வரும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். எனக்கும் ஒரு முகவரி வைத்திருந்தேன். அதில் விளம்பரத்தைத் தவிர எதுவும் வந்ததில்லை.

அந்த ஆடியில் அவன் கப்பல் மெட்ராஸுக்கு வருவதாக இருந்தது. வருஷத்துக்கும் மேலாகிவிட்டது பார்த்து. எந்தத் தேதி என்பதை எழுதுகிறேன் என்று முந்தைய கடிதத்தில் சொல்லியிருந்தான். அவளுக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு தேதி.

முதல் வெள்ளி திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "அண்ணா, உள்ளே போனா வெளியே தள்ளிடறது."

போய்ப் பார்த்தேன். பேரும் பாஸ்வேர்டும் போட்டால் உள்ளே போகிறது. கடிதத்தின் தலைப்புகூடத் தெரியவில்லை, அதற்குள் உங்கள் நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே வாருங்கள் என்கிறது. மறுபடி போனால் ஒரு கட்டத்துக்குள் வளைந்து நெளிந்த எழுத்துகளைக் காட்டி, மேலே கோடும் கிழித்து, இதைப் பார்த்து அப்படியே அடி, நீ மனிதன்தான் என்று நிச்சயமாகட்டும் என்கிறது. அடித்தால் உள்ளே விட்டு மறுபடி தள்ளுகிறது.

"நான் மனுஷிதான்னு இதுக்கு எத்தனை தடவை சொல்றது?" என்றாள்.

மெஷினை அணைத்துப் போட்டேன். லைனைப் பிடுங்கிச் செருகினேன். எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ, உங்கள்மேல் சந்தேகமாக இருக்கிறது, நாளை வாருங்கள் என்று சைட் கதவையே சாத்திக்கொண்டது. பழைய மெஷினில் போட்டாலும் அதே பதில். அவளுக்கு நாளை என்பது அடுத்த வெள்ளி.

அடுத்த வெள்ளியும் அதே கதை. பழைய மெஷினில் உட்காரச் சொல்லலாம் என்றால், அன்றைக்கு ரயில்வே தேர்வு முடிவு வந்திருந்தது. அரக்கோணத்திலிருந்துகூடப் பையன்கள் வந்து ஒரு மெஷினுக்கு ஐந்து பேராகத் தொங்கினார்கள். "பாஸ்வேர்டைச் சொல்லுங்கம்மா, இவங்க போனப்புறம் நான் பாத்து வெக்கிறேன்" என்றேன். அவள் தயங்கினாள். "யாருக்கும் சொல்றதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அவள் போன பிறகு பூத்திலிருந்து அரக்கோணத்துக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் எங்களுக்குப் பழக்கம்.

"குக்கியை அழிச்சுப் பாத்தியா?"

"குக்கின்னா?"

"சைட்டு உன் மெஷின்ல வெச்சிட்டுப் போற சீட்டுப்பா. மலைமேல தரிசனத்துக்குச் சீட்டு குடுக்கறாங்க இல்ல, அந்த மாதிரி. சீட்டு இருந்தா உள்ள இருக்கலாம். இல்லன்னா வெளிய போன்னுடுவான்."

"சீட்டை அழிச்சா எப்படிண்ணா உள்ள விடுவான்?"

"பழசைக் கிழிச்சா புதுசு குடுப்பான்டா. சரி, மெஷின்ல டைம் கரெக்டா ஓடுதா?"

போனைக் கவிழ்த்துவிட்டுக் கடைக்கு ஓடிப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் ஒன்று ஐந்து. மெஷினின் மூலையிலும் ஒன்று ஐந்து. திரும்ப ஓடி, "கரெக்டா இருக்குண்ணா, ஒரு நிமிஷம்கூட தப்பு இல்ல" என்றேன்.

தேதியைச் சொல் என்று அவர் கேட்டிருக்கலாம். அவரை எப்படிக் குறை சொல்வது? தேதி தப்பாக இருக்கும் என்று எந்தக் கடைக்காரன் நினைப்பான்.

மெயில் பார்க்க வந்த மற்றவர்களையும் அந்த மெஷின் தள்ளிக்கொண்டேதான் இருந்தது. அவர்கள் எழுந்து பழைய மெஷினுக்கு மாறிக்கொண்டார்கள். "ஆடியில வாங்கினா இப்பிடித்தான்" என்று ஒருவர் சொன்னதற்கு முதலாளி, "யோவ், அது ஆவணியில தொறந்ததுய்யா" என்றார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை. முதலாளி ஒரு எலுமிச்சம்பழத்தை மெஷின்மேல் வைத்தார்.

மூன்றாவது வெள்ளி காலையில் திருவாலங்காட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் கோபமாக ஏறிவந்தார். தாலுகா ஆபீசுக்குப் பட்டா மாற்றுவதற்காக ஒரு மனு அடித்துக் கொடுத்திருந்தேன், புது மெஷினில். காகிதத்தை மேசைமேல் போட்டார்.

"இன்னாயா அடிச்சிக் குடுத்த? அங்க இருக்கறவன் சிரிக்கறான். வர்ற மாசத்துக்கு இப்பவே மனு எழுதிக்கினு வந்துட்டியா பெரியவரேங்கறான். நான் காலையில கரும்புக்குத் தண்ணி வுட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி வந்துகினு இருக்கேன்."

காகிதத்தின் அடியில் தேதி தானாக விழுந்திருந்தது. ஆவணி முகூர்த்தம் தாண்டி சில நாள்.

கொஞ்ச நேரம் அந்தத் தேதியையே பார்த்தேன். பிறகு அரக்கோணத்துக்காரர் சொன்ன சீட்டு ஞாபகம் வந்தது. அந்தச் சைட் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சீட்டு கொடுத்திருக்கிறது, இன்றைக்குச் சாயங்காலம் வரை செல்லும் என்று எழுதி. எங்கள் மெஷின் தன் காலண்டரைப் பார்த்து, இது போன மாதத்துச் சீட்டாயிற்றே என்று கிழித்துப் போட்டிருக்கிறது. சீட்டு எங்கே என்று சைட் கேட்க, கையில் ஒன்றுமில்லை. வெளியே போ. அவள் ஒவ்வொரு முறை தான் மனுஷி என்று நிரூபித்தபோதும் நடந்தது இதுதான்.

முதலாளியைக் கேட்கவில்லை. தேதியை ஆடிக்கு இழுத்தேன். விவசாயிக்குப் புது மனு எடுத்துக் கொடுத்தேன். "கருமாந்திரம், டீயாவது வாங்கிக் குடுடா" என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

அவள் பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தாள். பையில் கொத்தவரங்காய். "சரியாயிடுச்சும்மா, போய்ப் பாருங்க" என்றேன். அவள் நம்பவில்லை. திரைக்குள் போனாள். வழக்கமாகக் கூப்பிடும் நேரம் தாண்டியும் கூப்பிடவில்லை. உள்ளே விட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"அண்ணா, இன்னிக்கு என்ன தேதி?"

குரல் வேறு மாதிரி இருந்தது. திரையை விலக்கினேன். அவள் விரலால் ஒரு வரியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். கப்பல் செவ்வாய் மெட்ராஸ் வருகிறது, வெள்ளி ராத்திரி கிளம்புகிறது. மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில்தான் சமையல்காரனுக்கு விடுதலை, ஊர் வரை வந்து திரும்ப நேரம் போதாது, மூன்றிலிருந்து ஐந்து வரை தினமும் துறைமுகத்துக் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன், எந்த நாள் முடிகிறதோ அந்த நாள் வா. எழுதிப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

"இன்னிக்குத்தாம்மா அந்த வெள்ளி."

அவள் எழுந்து நின்றாள். "வண்டி இருக்கா?"

"ஒண்ணே காலுக்கு ஒரு எலக்ட்ரிக் டிரெயின் இருக்கு. புடிச்சா நாலுக்குள்ள கேட்டுல இருக்கலாம்."

"ஆத்துல..." என்றாள். மலைப்பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு கொத்தவரங்காய்ப் பையை என் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தி, ஸ்டேஷனுக்கு என்றேன். அவள் காலில் ரப்பர் செருப்பு, வீட்டுப் புடவை. தலையைக்கூடச் சரிசெய்துகொள்ளவில்லை.

அன்று மத்தியானம் முழுக்க நானும் அந்த டிரெயினில் போய்க்கொண்டிருந்தேன். இப்போது அரக்கோணம் தாண்டியிருக்கும், இப்போது திருவள்ளூர், இப்போது இறங்கி நடப்பாள். நாலு மணிக்கு ஒருவன் வந்து ஜாதகப் பொருத்தம் பார்க்கச் சொன்னான். பெண்ணின் நட்சத்திரத்தை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

மறுநாள் காலையில் வந்தாள். சனிக்கிழமை அவள் வந்து நான் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும் கேட்டேன்.

"கப்பல் கார்த்தாலயே போயிடுத்தாம். சரக்கு சீக்கிரம் ஏத்தி முடிச்சுட்டாளாம். கேட்டுல நின்னவர் சொன்னார்." மூச்சு வாங்கினாள். "நான் நம்பலை. அஞ்சு மணி வரைக்கும் நின்னேன்."

"வீட்டுல?"

"விளக்கேத்தினப்புறம்தான் வந்து சேர்ந்தேன். எங்கே போனேன்னு கேட்டா. அவரைப் பார்க்கப் போனேன்னு சொல்லிட்டேன். பார்க்கலைன்னும் சொன்னேன்."

"மாமனாரு?"

"சாப்பிடாம எழுந்து போயிட்டார்."

அப்போது சொன்னேன். தேதியை மாற்றியது நான்தான், ஆடியில் திறக்கக் கூடாது என்று ஆவணியை வைத்தோம், அதனால்தான் முதல் இரண்டு வெள்ளியும் அது உங்களைத் தள்ளியது என்று. எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புரிந்துகொள்ள முயற்சி செய்தாள்.

"அப்போ அவர் எழுதினது எல்லாம் உள்ளேயேதான் இருந்துதா? ரெண்டு வாரமும்?"

"ஆங். அங்கயேதாம்மா இருந்துச்சு."

தலையாட்டினாள். மூலையில் ஒரு கல்லூரிப் பையன் உட்கார்ந்திருந்தான். எழுப்பட்டுமா என்றேன். வேண்டாம் என்று ரோட்டைப் பார்த்த மெஷினிலேயே உட்கார்ந்தாள். அதுவரை அவள் அவனுக்குச் சொல்வதை நான்தான் அடித்துக் கொடுப்பேன். அன்றைக்கு அவளே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒற்றை விரலால் அடித்தாள். நான் வந்தேன். அவ்வளவுதான். அதற்கே வெகு நேரம் ஆனது. அனுப்பிவிட்டு, "இது அவர்கிட்ட எப்போ போய்ச் சேரும்?" என்றாள்.

"போயிடுச்சும்மா. அவரு எங்கனா எறங்கிப் பாக்கணும், அவ்ளோதான்."

"எங்கே எறங்குவாரோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொத்தவரங்காய்ப் பையை அவளிடம் கொடுக்க எனக்கு மறந்துவிட்டது. வாடிப்போயிருந்தது எப்படியும்.

கிருத்திகை வந்தது, காவடிகள் வந்தன, நாலு மெஷினும் ஓடின. நிஜ ஆவணி பிறந்தது. தேதியை நான் முன்பே மாற்றிவிட்டதை முதலாளி கண்டுபிடித்து இரண்டு மொழியிலும் திட்டினார். அதற்குப் பிறகுதான் பதில் வந்தது. அவளே திரையை விலக்கி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மூன்றிலிருந்து ஐந்து வரை நின்றிருக்கிறான். ரோட்டுக்கு அந்தப்புறம் யாராவது புடவையில் இறங்கினால் எழுந்து பார்த்திருக்கிறான். எங்கள் கடை நம்பருக்கும் மூன்று நாளும் போன் செய்திருக்கிறான். எப்போதும் எங்கேஜ்டு. அந்த லைனில்தான் நாலு மெஷினும் இன்டர்நெட் குடித்துக்கொண்டிருந்தன. கப்பல் அடுத்து மெட்ராஸுக்கு எப்போது வரும் என்று தெரியாது என்று முடித்திருந்தான்.

"மூணு நாள் நின்னிருக்கார் பாருங்கோ" என்றாள்.

அவள் முகத்தில் வருத்தம் இருந்தது. அதோடு வேறு ஒன்றும் இருந்தது. யாரோ மூன்று நாள் தனக்காக நின்றிருந்தார்கள் என்று தெரிந்த முகம். அந்த மாதிரி முகம் எனக்கு வாய்த்ததில்லை என்பதால் அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது.

"இதைக் காகிதத்துல எடுத்துத் தருவேளா?"

"வீட்டுக்கா எடுத்துனு போறீங்க?"

"ஆமா. அவரும் படிக்கட்டும்."

மாமனாரைச் சொன்னாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்தாள். அவர் படித்தாரா, கிழித்தாரா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வெள்ளியும் அவள் வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும். கடிதம் இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு.

புரட்டாசியில் எனக்குக் கால் நமைக்க ஆரம்பித்தது. எந்த ஊரிலும் அப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்துபோன பிறகு முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய உறவும் இல்லை.

மெட்ராஸில் கொஞ்ச நாள் ஒரு அச்சுக்கடையில் இருந்தேன். ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்ததும் பஸ் ஏறித் துறைமுகத்துப் பக்கம் போனேன். மணி மூன்று. கேட்டுக்கு எதிரே லாரிகள் வரிசையாக நின்றன. டயர் ரப்பர் வாசனை, கருவாட்டு வாசனை. உட்கார ஒரு சிமெண்டுத் திண்டுதான் இருந்தது. எழுந்து பார்த்திருக்கிறான் என்றால் இதில்தான் உட்கார்ந்திருப்பான். நானும் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் தெரிகிறார்கள். புடவை கட்டிய யார் இறங்கினாலும், லாரி விலகும் வரை முகம் மட்டும் தெரியவில்லை.

நாலரைக்குக் காவலாளி வந்தார். "இன்னாபா, ரொம்ப நேரமா குந்திக்கினு இருக்க. யாரு வர்றாங்க?"

"யாரும் இல்ல சார்."

"யாரும் இல்லாமயா ரோட்டையே பாத்துக்கினு இருக்க?"

"அஞ்சு மணிக்குப் போயிடறேன் சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, லாரிக்காரனைத் திட்டப் போனார்.